தொண்ணூறு தலைக்கட்டும் ஒரு வெற்றிலையும்

கீழைமடைக் கொடிக்காலில் அந்த வருஷம் புரட்டாசி மாதம் வெற்றிலை கிள்ளியபோது மூன்று லட்சத்து அறுபதாயிரத்து முந்நூற்று அறுபத்தொரு இலை இறங்கியது. இருபத்தைந்து நாள் கழித்து மறுபடி கிள்ளியபோதும் மூன்று லட்சத்து அறுபதாயிரத்து முந்நூற்று அறுபத்தொன்றுதான் இறங்கியது. ஐப்பசியில் அடைமழை பிடித்து, வாய்க்கால் உடைந்து, பாதி வரிசை சேற்றில் படுத்துக் கிடந்தபோதும் அதே தொகை, பனியில் இலை வெளுத்தபோதும் அதே தொகை, ஆடு புகுந்து ஒரு வரிசையை மொட்டையடித்துவிட்டுப் போனபோதும் அதே தொகை. சந்தேகப்பட்ட இளவட்டங்கள் கிள்ளுவதற்கு முதல் நாளே ஐம்பது இலையைத் திருடி வேட்டி மடிப்பில் ஒளித்துவைத்துப் பார்த்தார்கள். மறுநாள் எண்ணினால் ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

ஊர் ஒன்றும் வாயைப் பிளந்துவிடவில்லை. "கொடி ஒரு கணக்கப் பிடிச்சிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். வேளாண்மை ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து மூன்று நாள் தங்கி அவரும் எண்ணினார், எண்ணி முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இத நான் எழுதிக் குடுத்தா என்னையத்தான் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்துவாங்க" என்று சொல்லி, ஊர்த்தலைவர் அம்பலம் வீட்டில் கொடுத்த ரெண்டு கவுளி வெற்றிலையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அதிசயம் அத்தோடு பழசாகிவிட்டது. மனுஷனுக்கு எந்த அதிசயமும் மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது.

ஆனால் பங்கு பழசாகவில்லை. அந்தக் கொடிக்கால் ஒருத்தருடையதில்லை, ஊர்ப்பொது. கல்யாணம் முடித்துத் தனி உலை வைத்த ஆம்பிளை ஒவ்வொருத்தனும் அந்த ஊரில் ஒரு தலைக்கட்டு. திருவிழாவுக்கு அரிசி அளப்பதும் தலைக்கட்டுக்கு இவ்வளவு, வெற்றிலை வாங்குவதும் தலைக்கட்டுக்கு இவ்வளவு. மொத்தம் தொண்ணூறு தலைக்கட்டு. பங்கு வைத்தால் வீட்டுக்கு நாலாயிரத்து நாலு இலை. நூறு இலை ஒரு கவுளி என்பதால் நாற்பது கவுளியும் மேலே நாலு இலையும். தொண்ணூறு வீடும் வாங்கிக்கொண்டு எழுந்தால் பாயில் ஒரே ஒரு வெற்றிலை மிஞ்சிக் கிடக்கும்.

அதை எண்ணிச் சொல்கிறவள் தெய்வானை. ஆம்பிளைகள் எண்ணியபோது மேலத்தெரு ஒரு தொகையும் கீழத்தெரு ஒரு தொகையும் சொல்லிச் சட்டையைப் பிடித்துக்கொண்டதால், எட்டாம் வகுப்போடு நின்றுபோன தெய்வானையை, அவள் புருஷன் சோணைமுத்து உயிரோடு இருந்த காலத்திலேயே, ஊர் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டது. காலையில் பாய்க்கு முன்னால் உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் அத்தனை கட்டும் அவள் கையைத் தாண்டிப் போய்விடும். ஒரு கட்டில் தொண்ணூற்றொன்பது இருந்தால் தொட்ட விரல் சொல்லிவிடும். சோணைமுத்து நெஞ்சுவலியில் போய் ரெண்டு வருஷம் ஆகியும் அவன் தலைக்கட்டை ஊர் எடுக்கவில்லை. தெய்வானையும் மகள் பாண்டிமீனாவும் அந்த நாற்பது கவுளியில்தான் ஓட்டினார்கள். ஊர் நல்ல ஊர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

மிஞ்சிய அந்த ஒற்றை வெற்றிலையை முதலில் மடையம்மனுக்கு வைத்தார்கள். மூன்று தடவை பிரச்சினை இல்லை. நாலாவது தடவை பூசாரி அதை எடுத்துப் பெரிய அம்பலம் வெள்ளைச்சாமி கையில் கொடுத்தார். "அது என்ன அவருக்கு மட்டும்?" என்று மேலத்தெரு கேட்டது. முறை வைக்கலாம் என்றார்கள், ஒரு சுற்று வர ஆறு வருஷம் ஆகும் என்று தெரிந்தபோது முதல் முறை யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். சரி, கிழித்துப் பங்கு வைப்போம் என்று பிளேடு வாங்கி வந்து ஒரு வெற்றிலையைத் தொண்ணூறு துணுக்காக்கினார்கள், சத்தியமாகச் செய்தார்கள், அதில் தெய்வானையின் கொழுந்தன் பிச்சைமணிக்குக் காம்பு வந்துவிட்டது. "அப்ப நான் காம்புக்குத்தான் லாயக்கா?" என்று அவன் பிளேடைப் பிடுங்கிக்கொண்டான். ஒரு இலையைக் கிள்ளாமல் கொடியிலேயே விட்டுப் பார்த்தார்கள், கொடி ஒன்றைக் கூடுதலாகத் தள்ளிக் கணக்கைச் சரி பண்ணிக்கொண்டது. வாய்க்காலில் எறிந்தார்கள், ரெண்டு பேர் பின்னாலேயே குதித்தார்கள்.

ஒரு வெற்றிலைக்கா இந்தக் கூத்து என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! நாலாயிரம் இலையை வாங்கிக்கொண்டு போகிறவன் சும்மா போகிறான். அந்த ஒற்றை இலையை வாங்கிக்கொண்டு போகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறான், மற்ற எண்பத்தொன்பது பேரும் அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்குப் பெயர் மரியாதை. அது வந்து உட்கார்ந்த ஊர் உருப்படாது. ரெண்டு மண்டை உடைந்தது, ஒரு நிச்சயதார்த்தம் நின்றது, அண்ணன் வீட்டுச் சாவுக்குத் தம்பி போகவில்லை.

தெய்வானைக்கு இந்தச் சண்டையில் நாட்டமில்லை. அவளுக்கு அந்த எண்ணின் மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது. முந்நூற்றறுபது, அதை அடுத்து முந்நூற்றறுபத்தொன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அதுதான் அந்த எண் என்பதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுப்பு வேலை முடிந்ததும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கதவின் பின்பக்கம் வகுத்துப் பார்ப்பாள். இரண்டால் வகுத்தாள், ஒன்று மிஞ்சியது. மூன்றால் வகுத்தாள், ஒன்று மிஞ்சியது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டே இருந்தாள், பதினைந்து வரைக்கும் எதைப் போட்டாலும் ஒன்று, ஒன்று, ஒன்று என்றே மிஞ்சியது. எந்த வாசலுக்குப் போனாலும் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் திரும்புவேன் என்கிற எண். பதினாறில்தான் குணம் மாறி ஒன்பது மிஞ்சியது. பதினேழில் பன்னிரண்டு, பத்தொன்பதில் ஏழு. அழுங்குப்பிடியாக அவளும் விடவில்லை. கதவு நிறைந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த எண்ணைப் போட்டாள், இருபத்து மூன்று, இருபத்தொன்பது, முப்பத்தொன்று, எதற்கும் அது முழுசாகப் பிரிந்து கொடுக்கவில்லை. தை போய் மாசியும் முடிகிற சமயத்தில் எண்பத்தொன்பதைப் போட்டாள். நாலாயிரத்து நாற்பத்தொன்பது, மிச்சம் சைபர்.

நம்ப முடியாமல் திருப்பிப் பெருக்கினாள். சரியாக வந்தது. மூன்று தடவை பெருக்கினாள். மூன்று தடவையும் சரியாக வந்தது. நாலாயிரத்து நாற்பத்தொன்பதை உடைக்க முடியுமா என்று பார்த்தாள், அது உடையவில்லை. ஆக மொத்தம் அந்தப் பெரிய எண்ணுக்குள்ளே போக ரெண்டே ரெண்டு கதவுதான், ஒன்று எண்பத்தொன்பது, இன்னொன்று நாலாயிரத்து நாற்பத்தொன்பது. இது போக ஒன்றும் அந்த எண்ணும் மட்டும்தான். சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். காலேஜிலிருந்து வந்த பாண்டிமீனா பதறிவிட்டாள்.

"என்னம்மா, யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலடி. எண்பத்தொம்பதுக்கு விழுந்திருச்சு. மிச்சமே இல்ல, பாரு."

மகள் கதவைப் பார்த்தாள். அவள் படித்தவள், சீக்கிரம் புரிந்துகொண்டாள். "நல்லாருக்கும்மா" என்றாள். பிறகு, "யார்ட்டயும் சொல்லிறாத" என்றாள்.

"ஏண்டி?"

"நம்ம ஊர்ல தொண்ணூறு வீடும்மா."

"அடிப்போடி கூறுகெட்டவளே, இது கணக்கு" என்று தெய்வானை சிரித்தாள். நாற்பத்தாறு வயசில் அவளாகத் தேடி அவளாகக் கண்டுபிடித்த ஒரே பொருள் அது. அதை எப்படிச் சொல்லாமல் வைத்திருப்பது!

பங்குனியில் மூன்றாவது மண்டை உடைந்தபோது மந்தையில் ஊர் கூடியது. பொம்பளைகள் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றார்கள், அந்த ஊரில் பொம்பளை மந்தையில் பேசுகிற வழக்கம் கிடையாது. ஆளாளுக்குக் கத்தி ஓய்ந்து, பெரிய அம்பலம் தலையில் கைவைத்து, "இந்த ஒத்த எல மிஞ்சாம இருக்க ஒரு வழி இல்லையாடா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டபோது, மரத்துக்குப் பின்னாலிருந்து தெய்வானையின் குரல் வந்தது.

"இருக்கு மாமா. எண்பத்தொம்பதா வச்சா மிஞ்சாது."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். முகமெல்லாம் பூரித்துப்போய், அவர்கள் எல்லாரும் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றாள். யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த தொண்ணூறு வீட்டாரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகுதான் மகள் சொன்னது அவளுக்கு உறைத்தது.

அதற்கப்புறம் மூன்று மாதம் அந்த ஊர் மாதிரி ஒரு நல்ல ஊரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தவன் குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். அம்பலம் வீட்டு வாசலில் வாழைத்தார் என்ன, பூசணிக்காய் என்ன, வந்து இறங்கியபடி இருந்தது. எவன் அந்தத் தொண்ணூறாவது ஆள் என்று ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஒருத்தரும் வேறு எதையும் நினைக்கவில்லை. தெய்வானை ஒன்றும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வழி சொன்னவளே நாம், நம்மையா எடுப்பார்கள் என்று இருந்துவிட்டாள்.

ஆனியில் கூட்டம் போட்டார்கள். பேச்சை எடுத்தவன் பிச்சைமணி. காம்பு வந்த நாளிலிருந்து அவனுக்குத் தன் வீட்டைப் பற்றிப் பயம்.

"அண்ணன் போயி ரெண்டு வருஷமாச்சு. தலைக்கட்டுன்னா ஆம்பிள வேணும். மதினி இருக்கட்டும், நம்ம வீட்டுப் பொம்பளதான், நான் பாத்துக்கிறேன். ஆனா தலைக்கட்டுன்னு எண்ணுறது முறையில்ல."

எண்பத்தெட்டு பேர் மூச்சை விட்டார்கள். அந்தச் சத்தம் வேப்பமரத்துக்குப் பின்னால் வரை கேட்டது.

"தம்பி, இது உனக்கே அடுக்குமா?" என்று தெய்வானை முன்னால் வந்துவிட்டாள். "அந்தக் கொடிக்கால்ல பதினோரு வரிசை உங்கண்ணனும் நானும் மண்ணு வெட்டிப் போட்டு நட்டது. கொடி படர்ற அகத்திக்கு நான் தண்ணி சுமந்திருக்கேன். எங்க போச்சு இந்த ஊருக்குக் கண்ணு? மாமா, நீங்க சொல்லுங்க."

பெரிய அம்பலம் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார், கண்கூடக் கலங்கியது. "நீ நல்லவதான் ஆத்தா. ஒருத்தரும் ஒன்னையக் கொற சொல்லல. கணக்கு அப்படி விழுகுது, நாங்க என்ன செய்ய? நீதானத்தா கண்டுபிடிச்ச" என்றார்.

அன்றைக்கே அவள் வீட்டைத் தலைக்கட்டிலிருந்து எடுத்தார்கள். அவளை எடுத்த பிறகு வீட்டுக்கு நாலாயிரத்து நாற்பத்தொன்பது இலை வந்தது. அதாவது, ஒரு வீட்டை அழித்ததில் மற்ற வீடு ஒவ்வொன்றுக்கும் நாற்பத்தைந்து வெற்றிலை கூடக் கிடைத்தது, அரைக் கவுளிகூட இல்லை. பாயில் ஒன்றும் மிஞ்சவில்லை. மடையம்மனுக்கு அன்றைக்கு வெற்றிலையே இல்லை, அதை யாரும் கவனிக்கவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், நின்றுபோன நிச்சயதார்த்தத்தை மறுபடி நடத்தினார்கள். ஊருக்கு அத்தனை நிம்மதி.

கூத்து என்னவென்றால், எண்ணுவதற்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யார் எண்ணினாலும் நம்பிக்கை இல்லையாம். ஊர் எண்ணிக்கையில் அவள் கிடையாது, ஊருக்கு எண்ணிச் சொல்ல மட்டும் அவள் வேண்டும். "போகாதம்மா, உனக்கு ரோசமே இல்லையா?" என்று பாண்டிமீனா கத்தினாள். தெய்வானை போனாள். வேறு வேலை இல்லாததால் போனாள், அதைவிட, ஒரு நாளாவது அந்தக் கொடிக்கு மனசு பொறுக்காமல் ஒரு இலை கூடவோ குறையவோ விழாதா என்று பார்க்கத்தான் போனாள். "ஒண்ணே ஒண்ணு தப்பிப் போடு தாயே, இவங்க பங்கு நாறிப் போகட்டும்" என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே எண்ணுவாள். ஒரு இலையை அவளே மாராப்பில் செருகிக்கொண்டால் போதும், எண்பத்தொன்பதாவது வீட்டுக்கு ஒன்று குறைந்து மறுபடி மண்டை உடையும். செய்திருக்கலாம். ஆனால் பொய்த் தொகையைச் சொல்ல அவள் வாய் திறக்கவில்லை. மூன்று லட்சத்து அறுபதாயிரத்து முந்நூற்று அறுபத்தொன்று என்று ஒவ்வொரு தடவையும் உரக்கச் சொல்லிவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். கொடிக்கு என்ன, அது யாரைக் கண்டது.

பங்கில்லாத வீட்டுக்குக் கொடிக்கால் வெற்றிலை வராது, அந்த வெற்றிலை மாற்றாமல் கீழைமடையில் எந்தக் கல்யாணமும் பேச முடியாது. தேனூரிலிருந்து பாண்டிமீனாவைப் பார்த்துப் பிடித்துப்போன மாப்பிள்ளை வீட்டார், "ஊர்ல எடுத்துட்டாங்களாமே, என்ன தப்புப் பண்ணீங்க?" என்று போனில் கேட்டார்கள். தப்பு எதுவும் இல்லை, வகுத்தல் கணக்கு என்று சொன்னால் எவன் நம்புவான்? அவர்கள் அதற்கப்புறம் பேசவில்லை. தெய்வானைக்கு அன்றையிலிருந்து வேறு ஆசையே கிடையாது. எப்படியாவது மறுபடி ஒரு தலைக்கட்டாக எண்ணப்பட வேண்டும், அது ஒன்றுதான்.

எண்பத்தொன்பதைக் காப்பாற்ற ஊர் படாதபாடு பட்டது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைத் தனிக்குடித்தனம் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். ஒரே சமையல்கட்டில் ரெண்டு மருமகள், மூன்று மருமகள் என்று புகைந்துகொண்டு கிடந்தது. அப்படிப் பதினோரு பேர் தலைக்கட்டுக்குக் காத்துக் கிடந்த நிலையில், ஐப்பசியில் பெரிய அம்பலம் வெள்ளைச்சாமி திடீரென்று செத்துப்போனார். அவர் மகன்கள் ஏற்கெனவே தனித்தனித் தலைக்கட்டு. ஆகவே ஊர் எண்பத்தெட்டானது. அடுத்த கிள்ளில் வீட்டுக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்து வைத்து முடித்தபோது, பாயில் ஒற்றை வெற்றிலை கிடந்தது.

தெய்வானையின் மனசு கணக்குப் போட்டது. பதினோரு பேரில் ஒருத்தனைச் சேர்த்தால் மற்ற பத்து பேரும் அரிவாளை எடுப்பார்கள். அதனால் யாருக்கும் போட்டி இல்லாத, ஏற்கெனவே இருந்த வீட்டைச் சேர்ப்பதுதான் வழி. அவளைச் சேர்த்தால் எண்பத்தொன்பது. மிச்சமே விழாது. அந்த எண்ணே அவளுக்காக வந்து மந்தையில் நின்று பேசுகிறது. புதன்கிழமை மதியம் ஐந்து பேர் தன் வீட்டை நோக்கி வருவதைப் பார்த்ததும் அவள் உள்ளே திரும்பினாள். "பாண்டி, கூப்பிட வர்றாகடி, காப்பிக்குத் தண்ணி வை" என்று சொல்லி, அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு வாசலுக்குப் போனாள்.

புது அம்பலம், பெரியவரின் மூத்த மகன் மாயழகு, முன்னால் வந்தான். பிச்சைமணி கடைசியில் நின்றான். எல்லாரும் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். காப்பி வாங்கிக்கொண்டார்கள். மாயழகு தொண்டையைச் செருமினான்.

"மதினி, மறுபடி மிஞ்சுது."

"தெரியும் தம்பி. நான்தான எண்ணுனேன்."

"ஒன்னையச் சேத்துறலாம்னு சில பேரு சொன்னாக." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தான். "எனக்கும் அது தோணுச்சு. ஆனா யோசிச்சுப் பாரு, ஒன்னைய மறுபடி சேத்தா அன்னைக்கு எடுத்தது தப்புன்னு ஆயிரும். எங்கய்யா செத்து ஒரு மாசம் ஆகல, அவருக்கு அந்தக் கெட்ட பேரு வேணாம். அதுபோக, ஒன்னையச் சேத்தா எங்காத்தாவும் புருஷன் இல்லாதவதான், அது சும்மா இருக்குமா? ரெண்டு பேருன்னா தொண்ணூறாயிரும். மறுபடி மிஞ்சும்."

"அப்ப எதுக்கு வந்தீக?"

"ஒனக்குத்தான் அந்த எண்ணு அத்துபடி. எண்பத்தெட்டுல மிஞ்சுது. இன்னுங்கொஞ்சம் கொறச்சுக்கிட்டா மிஞ்சாம வருமா? எண்பத்தஞ்சோ, எண்பதோ, எதுவானாலும் ஊரு தயார். கீழ எந்த எண்ணுன்னு மட்டும் சொல்லு."

தெய்வானை திரும்பிப் பார்த்தாள். அடுப்படி வாசலில் பாண்டிமீனா நின்றுகொண்டிருந்தாள். இவர்களுக்கு ஒரு வீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வதைவிட இன்னும் எட்டு வீட்டை வெளியே தள்ளுவது லேசாக இருக்கிறது, அதையும் என் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவள் எழுதிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த எண்ணுக்குள் எத்தனை கதவு என்று அவளுக்குத் தெரியும்.

"எண்பத்தொம்பதுக்குக் கீழ ஒரே ஒரு எண்ணுதான் இருக்கு" என்றாள்.

ஐந்து பேர் முகமும் மலர்ந்தது. "எத்தன மதினி?" என்று பின்னாலிருந்து பிச்சைமணி கேட்டான்.

"ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒண்ணுதான். ஒரே ஒரு வீடு மட்டும் இருந்தா மூணு லட்சத்து அறுபதாயிரத்து முந்நூத்தி அறுபத்தொண்ணும் அந்த வீட்டுக்கு. மிச்சம் விழாது. எண்பதுக்கும் மிச்சம் விழும், அம்பதுக்கும் விழும், ரெண்டு வீடா இருந்தாலும் விழும். ஒரு வீடுன்னா விழாது."

பொய்யோ என்று மாயழகு அவள் முகத்தைத் தேடினான். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தொகையைத் தப்பாகச் சொன்னதில்லை என்பது அவனுக்கும் மற்ற நாலு பேருக்கும் நன்றாகத் தெரியும். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அதெப்படி முடியும் என்று கேட்கவில்லை. "ஒண்ணு" என்று மாயழகு ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு ஐந்து பேரும் எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகைக் காட்டாமல், பக்கவாட்டிலேயே நடந்து வாசலைத் தாண்டிப் போனார்கள்.